வலது ஆறு

மே 11, ஞாயிறு

அன்னையர் நாள். சுத்தமாக மறந்து போனேன். காலையில் நானும் சைமியும் காருக்கு அடியில் கிடந்தபோது தூலா கராஜ் கதவில் வந்து நின்றாள். "இந்த வீட்டுல அம்மான்னு ஒருத்தி இருக்கா, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்றாள். சைமி எழுந்து காட்டுக்குள் ஓடி, கிரீஸ் கையோடு ஒரு பிடி வெள்ளைக் காட்டுப்பூ பறித்து வந்து நீட்டினாள். மகளுக்கு இருபத்து இரண்டு வயது. ஆறு வயதிலும் இதையேதான் செய்தாள். தூலா சிரித்துவிட்டாள், நான் தப்பித்தேன்.

பனி உருகி, சாலையெல்லாம் இன்னும் களியாகத்தான் இருக்கிறது. நேற்று இரண்டு பண்ணைகளுக்குள் பால் டேங்கரைக் கொண்டு போகவே முடியவில்லை. 24ஆம் தேதிக்குள் காய வேண்டும். அன்றுதான் முதல் கார்ப் பந்தயம்.

மே 24, சனி

இரண்டாம் இடம்! எடுத்த எடுப்பிலேயே! புதியவர்கள் பிரிவில் இருபத்தெட்டு கார்கள், நாங்கள் இரண்டாவது. அதுவும் அந்தக் கிழட்டு டொயோட்டாவில்.

தூலாவின் தங்கை பார்க்க வந்திருந்தாள். "நீ பக்கத்து சீட்டுல உக்காந்து என்னதான் கத்துறே எஸ்கோ?" என்று கேட்டாள். விளக்கினேன். முந்தின நாள் அந்தச் சாலையில் மெதுவாக இரண்டு தடவை போகலாம். முன்னோட்டம். முதல் தடவை சைமி ஒவ்வொரு வளைவையும் பார்த்து எண் சொல்வாள், நான் பென்சிலால் எழுதுவேன். ஆறு என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம். ஒன்று என்றால் ஊர்ந்துதான் திரும்ப வேண்டும். இரண்டாம் தடவை நான் படிப்பேன், அவள் திருத்துவாள். சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீல மையில் நல்லபடி எழுதுவேன். மறுநாள் அதைத்தான் அவள் காதில் படிப்பேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. என் வாய் சொல்வதுதான் சாலை.

"அப்போ நீ தப்பா படிச்சா?" என்றாள்.

"மரத்துல போய் முட்டுவோம்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

பக்கத்து ஊர் கராஜ்காரன் ஹன்னு வந்து சைமியின் கையைக் குலுக்கினான். கோடை முழுக்க ஆறு பந்தயம். புதியவர்களில் யார் கோப்பை எடுக்கிறார்களோ, அவர்களுக்கு அடுத்த வருடம் தன் புதுக் காரை ஓட்டக் கொடுப்பானாம். சைமியின் காது சிவந்து போய்விட்டது. வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டால் அவள் பேசமாட்டாள், என்னைப் போல.

ஜூன் 7, சனி

லஸ்ஸே.

ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள், எங்களுக்கு முன்னால் கிளம்பியவன். பந்தயத்தின் நான்காம் கட்டத்தில், ஒரு மேடு தாண்டியதும் சாலை நடுவில் ரோன்யா நின்றாள், அவனுக்குக் குறிப்பு படிக்கிற பெண். கையில் சிவப்பு அட்டை. உதவி வேண்டும் என்ற அட்டை. நலம் என்று காட்டும் பச்சை இல்லை. அதைப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் நின்றே ஆக வேண்டும். நின்றோம்.

பள்ளத்தில் நசுங்கிக் கிடந்த காரிலிருந்து அவனை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபத்திரண்டு நிமிடம். "எஸ்கோ, என் கால் எங்கே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இங்கேதான் இருக்கு, இங்கேதான் இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல? சைமி ரோட்டில் நின்று அடுத்த காரை நிறுத்தினாள். பந்தயத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

லஸ்ஸேயின் வீடு என் வழித்தடத்தில் மூன்றாவது பண்ணை. ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே பால் எடுக்கிறேன். இன்று அவன் அம்மா ரையா பால் அறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடுகளுக்கு என்ன தெரியும், கறக்கத்தானே வேண்டும்.

"இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லையாம்" என்றாள். குழாயை நிறுத்தவே இல்லை. தண்ணீர் அவள் பூட்ஸ் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

டேங்கர் குழாயை மாட்டினேன். ஆயிரத்து நானூறு லிட்டர். கையெழுத்து வாங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

நடுக்கோடை விழா. ஏரிக்கரையில் சொக்கப்பனை மாதிரி பெரிய தீ. சவுனா நீராவி அறையில் வியர்த்து, ஏரியில் குதித்து, சாசேஜ் சுட்டுத் தின்று — எல்லாம் வழக்கம் போலத்தான். லஸ்ஸே பேச்சை யாரும் எடுக்கவில்லை, எல்லோர் மனதிலும் அவன்தான்.

தூலா துண்டைப் போர்த்திக்கொண்டு படித்துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவளை நிறுத்தச் சொன்னா கேக்கமாட்டா. நீ பக்கத்துல இருக்கேங்கிற தைரியத்துலதான் விடறேன். பாத்துக்கோ எஸ்கோ" என்றாள்.

பாத்துக்கறேன் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன்? பிரேக் இருக்கிறதா என் பக்கம்? ஸ்டியரிங் இருக்கிறதா? ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வாயும்தான் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

இதை எழுதுவதா வேண்டாமா என்று காபி ஆறும் வரை யோசித்தேன். எழுதுகிறேன். இந்தப் புத்தகத்துக்காவது உண்மை தெரியட்டும்.

காலையில் முன்னோட்டம். நாளைய மூன்றாம் கட்டம் என் பால் வழித்தடத்திலேயே, லஸ்ஸே வீட்டுக்குப் போகும் சாலையில் வருகிறது. மணல்குழி தாண்டி ஒரு வலது வளைவு. சைமி, "வலது ஆறு, முழு" என்றாள், முழு வேகம் என்று அர்த்தம். பென்சிலால் அப்படியேதான் எழுதினேன். இரண்டாம் தடவை அப்படியேதான் படித்தேன். அவள் சொன்னது சரி. பதினெட்டு வருடமாக அந்த வளைவில் டேங்கர் ஓட்டுகிறேன், அது ஆறுதான்.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து நீல மையில் எழுதும்போது கை நின்றது. ஆறு என்றால் அவள் நூற்றைம்பதில் போவாள். இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தில் பாறை. "என் கால் எங்கே இருக்கு?"

ஐந்து என்று எழுதினேன்.

ஒன்று மாற்றியதும் மற்றதும் அப்படியே வந்துவிட்டது. நாலை மூன்றாக்கினேன். மூன்றை இரண்டாக்கினேன். பக்கம் பக்கமாக. என் சுருக்கெழுத்தை என்னைத் தவிர ஊரில் ஒருத்தருக்கும் படிக்க வராது. சைமி தாண்டிப் போகும்போது என் தலையில் தட்டிவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கேப்பா, கோழி கிளறின மாதிரி" என்றாள்.

ஜூலை 5, சனி

பதினொன்றாம் இடம். முழுசாக வந்து சேர்ந்தோம். ஒரு கீறல் கூட இல்லை. தூலா என்னைக் கட்டிக்கொண்டாள்.

சைமி கார்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் இடத்தில் டயர் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கேயுமே தப்பு பண்ணலியேப்பா. அப்புறம் எப்படி?"

நல்ல நாள் கெட்ட நாள் இருக்கத்தான் செய்யும் என்றேன். நானா இப்படி வாய் கூசாமல் பேசுகிறேன்?

ஜூலை 11, வெள்ளி

ஒரு வாரமாகக் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். பென்டி வந்துவிட்டான். எங்கள் காருக்கு டாக்டர் அவன்தான், நாற்பது வருட நண்பன். "எஞ்சின்லதான் கோளாறு, இல்லேன்னா இந்தப் பொண்ணு பதினொண்ணாவது வருவாளா?" என்று கார்பரேட்டரைக் கழற்றினான். சுத்தம். கியர் பெட்டியைக் கழற்றினான். சுத்தம். மூன்று சாயங்காலம் போயிற்று. நான் திருகாணிகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். நோயே இல்லாதவனை அறுத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை.

"கார்ல ஒண்ணுமே இல்லடா எஸ்கோ" என்றான் பென்டி கடைசியில், மெதுவாக, சைமிக்குக் கேட்காதபடி. அவளுக்குக் கேட்டுவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

சைமி கண் டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். வளைவுகள் அவளுக்கு ஒரு மாதிரி தெரிகிறதாம், சாலை அகலமாகவும் நோட்டு குறுகலாகவும். என் லாரிக்கு இன்று ஓய்வு, அதனால் நானே நகரத்துக்குக் கூட்டிப் போனேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மீன்பிடிப் பத்திரிகையின் ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் அருமையாக இருக்கிறதாம். பைலட் ஆகலாம் என்றாராம் டாக்டர். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். "அப்போ எனக்குத்தான் திறமை இல்ல" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அப்போதே. காரை ஓரமாக நிறுத்தி — எத்தனை இடம் இருந்தது நிறுத்த. பஸ் நிறுத்தம், ஏரிக்கரை, பெட்ரோல் பங்க். பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

ஒன்பதாம் இடம். மறுபடியும் குறைத்துத்தான் எழுதியிருந்தேன். கடைசி இரண்டு கட்டங்களில் மட்டும் நேரம் நன்றாக இருந்தது, எல்லோரிலும் மூன்றாவது, நான்காவது நல்ல நேரம். எப்படி என்று புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

லஸ்ஸே வீட்டுக்கு வந்துவிட்டான். பால் அறை வாசலில் சக்கர நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தான். மெலிந்து போயிருக்கிறான். மடியில் ஒரு டேப்லெட்.

"சைமி கார் கேமரா வீடியோ எல்லாம் பாத்தேன். எனக்கு வேற என்ன வேலை?" என்றான். ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டினான். மணல்குழி வளைவு. என் குரல்: வலது ஐந்து. அவள் காலை எடுக்கிறாள். எஞ்சின் சத்தம் தொய்கிறது.

"எஸ்கோ, நான் இந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டிப் பழகினவன். இது ஆறு. அவளுக்கும் ஆறுன்னு தெரியும். நீங்க ஏன் ஐந்துன்னு படிக்கிறீங்க?"

குழாய் கையிலேயே இருந்தது.

"என் நோட்டு சரியாத்தான் இருந்துச்சு. முன்னாடி போன கார் ஒரு கல்லை ரோட்டுல இழுத்துப் போட்டுட்டுப் போச்சு. யாரு மேலயும் தப்பில்ல. என் பேரைச் சொல்லி அவளை ஏமாத்தாதீங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சரி செய்துவிடுகிறேன் என்றேன். சொல்லிவிடுகிறேன் என்று சொல்லவில்லை. சரி செய்துவிடுகிறேன். அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாளை ஐந்தாம் பந்தயம். இன்று நீல மையில் எழுதினேன், அவள் சொன்னதைச் சொன்னபடி. ஒரு எண் கூட மாற்றவில்லை. மூன்று மூன்றாகவே, ஆறு ஆறாகவே. முடித்தபோது தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனிமேல் ஒழுங்காகப் படிப்பேன், அவள் வேகம் திரும்பிவிடும், நடந்ததை யாரும் தோண்ட வேண்டாம். லஸ்ஸேக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

நல்ல தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஒரு சிராய்ப்பு கூட இல்லை. அதுதான் வெட்கக்கேடு.

நேற்று முதல் கட்டத்தில் சைமிதான் எல்லோரையும் விட வேகம். இரண்டு வளைவில் கார் வெளியே வழுக்கிப் போய், புல்லைத் தொட்டுத் திரும்பியது. இரண்டாம் கட்டமும் அப்படித்தான். சர்வீஸில் ஹன்னு நின்றுகொண்டிருந்தான். "கோப்பை இன்னும் கைவிட்டுப் போகல பொண்ணே" என்றான். சைமி ஹெல்மெட்டைக் கழற்றி, முகமெல்லாம் சிரிப்பாக என் காதில் சொன்னாள்:

"ரகசியத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்பா. லஸ்ஸே விஷயத்துக்கு அப்புறம் நான் பயந்துபோய் முன்னோட்டத்துலயே எல்லா எண்ணையும் குறைச்சுச் சொல்லியிருக்கேன். எனக்கே தெரியாம. போன பந்தயம் கடைசியிலதான் உறைச்சுது. இப்போ நீ நாலுன்னா நான் ஐந்தா எடுத்துக்கறேன். எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டிக்கறேன். அவ்வளவுதான்!"

காதில் விழுந்தது. நான் திருத்திட்டேன், அவளும் திருத்திட்டா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமலே.

அப்போதும் சொல்லவில்லை! ஹன்னு நிற்கிறானே. பென்டி நிற்கிறானே. மூன்றாம் கட்டத்துக்கு நேரமாகிவிட்டதே. கிளம்பும் கோட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். "சைமி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அப்புறம்ப்பா" என்றாள், கிளம்பும் நொடிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தபடி. ஐந்து, நாலு, மூன்று.

அதனால் என்ன செய்தேன்? மனதுக்குள்ளேயே கழித்துக் கழித்துப் படித்தேன். தாளில் ஐந்து, வாயில் நாலு. தாளில் நாலு, வாயில் மூன்று. சரளை சாலையில் நூற்றுநாற்பதில், தலை மேலும் கீழும் ஆட, அடுத்த வளைவு வருவதற்குள் கழித்தல் கணக்கு. ஒரே ஒரு வாக்கியம் சொல்லப் பயந்தவன் இத்தனையையும் செய்தான். ஒன்பது கிலோமீட்டர் செய்தேன்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட வலது வளைவை அவள் எடுத்தாள் பாருங்கள், அப்படி ஒரு அழகு. கார் பக்கவாட்டில் மிதந்து போய் தானாக நேரானது. "ஹா!" என்றாள். நானும் ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன். என் மகள் என்று நினைத்தேன். அந்த சந்தோஷத்தில் அடுத்ததைக் கழிக்காமல் அப்படியே படித்துவிட்டேன்.

"மேடு, இடது மூன்று."

அவள் நாலாக எடுத்தாள்.

மேட்டைத் தாண்டி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. பள்ளம், வானம், பிர்ச் மரங்கள், வானம். தலைகீழாக நின்றோம். எஞ்சின் அணைந்திருந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"அப்பா? அப்பா, பேசு."

"இருக்கேன்."

அவள்தான் முதலில் வெளியே போனாள். பச்சை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ரோட்டில் ஏறி நின்றாள். நலம் என்ற அட்டை. அது என் வேலை. அடுத்த கார் வரும்போது வலது கையால் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தெலும்பு உடைந்திருக்கிறது என்று ஆம்புலன்ஸில்தான் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஹன்னு ஒரு பை ஏலக்காய் பன் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். "ஓட்டறவங்க தப்பு எல்லாருக்கும் வரும்" என்றான். ஆனால் தன் புதுக் காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சைமி, "முழுக்க என் தப்புதான். அப்பா மூணுன்னு தெளிவாச் சொன்னார். நான்தான் திமிர்ல நாலா எடுத்தேன். அவரைக் கொன்னிருப்பேன்" என்றாள். தூலா அவள் முதுகைத் தடவினாள்.

நான் எல்லோருக்கும் காபி ஊற்றினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரையா பண்ணை. லஸ்ஸே ஜன்னலைத் திறந்தான். "சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்று ஜன்னலை மூடினான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொன்னேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பென்சில் புத்தகத்தையும் நீலப் புத்தகத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தேன். இரண்டையும் அவள் பக்கம் தள்ளினேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது படிக்க வராதுன்னு தெரியும்ல?" என்றாள். ஆமாம், கோழி கிளறியது. அதனால் நானே படிக்க வேண்டியதாயிற்று. ஜூலை நாலு, மூன்றாம் கட்டம். ஒரு விரல் பென்சிலில், ஒரு விரல் மையில்.

"நீ சொன்னது வலது ஆறு. நான் எழுதினது ஐந்து. நீ சொன்னது இடது நாலு. நான் எழுதினது மூன்று. நீ சொன்னது..."

நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அந்தக் கட்டம் முழுவதையும் படிக்க விட்டாள். பதினோரு கிலோமீட்டர். தூலா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

பிறகு ஆகஸ்ட் புத்தகத்தில் எதையும் மாற்றவில்லை என்பதையும் சொன்னேன். அவள் கணக்குப் போட ஒரு நொடிதான் ஆனது. கட்டுப் போட்ட தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நான் கண் டாக்டர்கிட்ட போனேன்ப்பா. நீதான் கார்ல கூட்டிட்டுப் போனே."

"ஆமா."

"ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தே."

நீலப் புத்தகத்தை மூடினேன்.

"நான் பையனா இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருப்பியா?"

தெரியல என்றேன்.

"பொய் சொல்லாதே. இப்பவாச்சும்."

"பண்ணியிருக்கமாட்டேன்" என்றேன்.

எழுந்து போனாள். ஒரு கையாலேயே பையில் துணி அடைத்தாள். பென்டியின் மகளோடு நகரத்தில் தங்கப் போகிறாளாம். ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டாள். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கூடச் சொல்லவில்லை, என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

தூலாவிடம், நீதானே பாத்துக்கன்னே என்றேன். சொல்லியிருக்கவே கூடாது.

"பாத்துக்கன்னுதான் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லல" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சைமி போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பென்டி டேங்கரை வழிமறித்து நிறுத்தினான். சைமி தினமும் சாயங்காலம் அவன் கொட்டகைக்கு வருகிறாளாம். ஒரு கையால் எங்கள் காரின் தகரத்தைத் தேய்க்கிறாளாம். உடைந்த இடது கதவுக்குப் பதில் ஏதோ ஒரு பழைய காரின் பச்சைக் கதவைப் பொருத்தியிருக்கிறார்கள். எலும்பு சேர்ந்து டாக்டர் விட்டால் 27ஆம் தேதி கடைசிப் பந்தயம்.

"யாரு படிக்கப் போறா?"

"ரோன்யா" என்றான். லஸ்ஸேக்குப் படித்தவள். ஜூனுக்குப் பிறகு எந்தக் காரிலும் ஏறாதவள். சைமி நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டாளாம்.

நானும் வந்து ஏதாவது செய்யட்டுமா, பெயின்ட் அடிக்கட்டுமா என்றேன்.

"வேணாம்டா. அவ வரச் சொல்லல. சொன்னா நானே வந்து உன்னைக் கழுத்தைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்." அவனுக்கு என் மேல் கோபம், மறைக்கவில்லை. மூன்று சாயங்காலம் அந்தக் கியர் பெட்டியைப் பிரித்தவன் ஆயிற்றே.

செப்டம்பர் 14, ஞாயிறு

தூலாவோடு காட்டில் காளான் பறித்தேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து சேர்த்துக் கொட்டினோம். மஞ்சள் காளான் நிறையக் கிடைத்தது. சைமிக்குப் பிடிக்கும். தூலா பாதியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, யாருக்கு என்று சொல்லாமல் பிரிட்ஜில் வைத்தாள்.

பதினெட்டு வருடம் இந்த ரோடுகளில் ஓட்டுகிறேன். எங்கே பனி உறையும், எங்கே மான் குறுக்கே வரும், எல்லாம் தெரியும். பயம் மட்டும் இன்னும் போகவில்லை. பயந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அதை அவளிடம் பயம் என்று சொல்லாமல், எண்ணாக மாற்றிச் சொன்னேன். அவளே அவளைச் சந்தேகப்படுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதை எப்படி மன்னிக்கச் சொல்லிக் கேட்பது?

செப்டம்பர் 20, சனி

பந்தயக் கிளப்பில் சாலைக் காவலுக்கு ஆள் பற்றவில்லை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஊருக்கே தெரிந்திருக்கும். "மணல்குழி பக்கம் யாரும் இல்ல, அங்கே நிக்கறியா?" என்றாள்.

எங்கே வேண்டுமானாலும் நிற்கிறேன் என்றேன். அவள் வேண்டுமென்றே கொடுத்தாளா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் அவர்கள் முன்னோட்டம் முடித்துவிட்டார்கள். மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது.

மூன்றரை மணிக்கு ரையா பண்ணையில் குழாய் மாட்டும்போது போன் அதிர்ந்தது, ஒரு செய்தி. சைமி. ஐந்து வாரத்துக்குப் பிறகு.

"மணல்குழி வளைவு. மழைக்கு அப்புறம் எவ்வளவு?"

அவ்வளவுதான். அப்பா இல்லை, வணக்கம் இல்லை. அந்த வழியில் பால் எடுக்கிறவனிடம் ரோடு எப்படி என்று கேட்பது எல்லோரும் செய்கிறதுதான். பென்டியிடம் கேட்டிருக்கலாம், லஸ்ஸேயிடம் கேட்டிருக்கலாம். அவன் ஜன்னலிலிருந்தே தெரியும்.

பாலை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். நடந்தே போனேன். வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பூட்ஸால் அழுத்திப் பார்த்தேன். போன வாரம்தான் ரோடு சீவும் வண்டி வந்து போயிருந்தது, நடுப்பாகம் கெட்டியாக இருந்தது, தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவிட்டது. உள் ஓரத்தில் மட்டும் ஒரு குட்டை, கணுக்கால் ஆழம். இடப்பக்கம் பள்ளம். பாறை அங்கேயேதான் இருக்கிறது. அது எங்கே போகும்?

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து என்று அனுப்பினால் யாருக்குத் தெரியப் போகிறது? மழை பெய்திருக்கிறது, ஐந்து என்றால் நியாயமாகக் கூட இருக்கும். கடவுளே, அவள் எலும்பு சேர்ந்து இன்னும் பத்து நாள் கூட ஆகவில்லையே. விரல் ஐந்தின் மேலேயே இருந்தது.

"ஆறு. முழு. உள்ளே வெட்டாதே, குட்டை இருக்கு."

அனுப்பிவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போனபோது ரையா, "என்ன ஆச்சு, பேயைப் பாத்தியா?" என்றாள்.

ஆறு மணிக்குப் பதில் வந்தது. "சரி."

செப்டம்பர் 27, சனி

தூலாவும் வருகிறேன் என்றாள், பிறகு வரவில்லை. காளான் டப்பாவை மட்டும் பென்டியிடம் கொடுத்தனுப்பினாள்.

ஒன்பது மணிக்கே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வளைவில் நின்றேன். விசில், கொடி, ஒரு அட்டையில் மாட்டிய தாள். கடந்து போகும் ஒவ்வொரு காரின் எண்ணையும் நேரத்தையும் அதில் குறிக்க வேண்டும். ஏதாவது ஒரு எண் வரவில்லை என்றால் தேடிப் போவார்கள். பார்க்க வந்தவர்களை மேட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்க வைத்தேன். லஸ்ஸேயும் அவர்களோடு இருந்தான், மடியில் கம்பளி. எனக்குத் தலையசைத்தான்.

முதல் கார்கள் வந்தன. எல்லோரும் வளைவுக்கு முன்னால் காலை எடுத்தார்கள். சத்தத்திலேயே தெரியும், எஞ்சின் ஒரு மூச்சு வாங்கும். புள்ளியில் முன்னணியில் இருக்கிற பையன் கூட எடுத்தான். மழைக்குப் பிறகு எவனும் நம்பமாட்டான்.

பிறகு எங்கள் டொயோட்டா, எண் 37. காட்டுக்குள் தூரத்தில் கேட்கும்போதே தெரிந்துவிட்டது, அந்த எஞ்சினை எத்தனை தடவை கழுவியிருக்கிறேன். நேர்ச்சாலைக்கு வந்தது. கொடிக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். காலை எடு, எடு, எடும்மா என்றுதான் என் வாய் சொன்னது. என்ன செய்ய, அதற்கு அதுதான் வரும்.

எடுக்கவில்லை. சத்தம் ஒரே சீராக வந்தது. பச்சைக் கதவு என் முன்னால் போனது. குட்டைக்கு ஒரு முழம் தள்ளி சக்கரம் போனது, ஒரு துளி தண்ணீர் கூடத் தெறிக்கவில்லை. ரோன்யாவின் தலை புத்தகத்துக்குள் குனிந்திருந்தது. சரளை என் பூட்ஸ் மேல் மழையாக விழுந்தது. அப்புறம் மேட்டைத் தாண்டி, மரங்களுக்குள் போய், சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

தாளில் எண் சரியாக விழவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், லஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண் 37. 11.42. கடந்தது.